ஜோடிக்குக் கொடுத்த வீடு

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் வேலைக்கு ஆளை ஒற்றையாக எடுக்க மாட்டார்கள். ஜோடியாகத்தான் எடுப்பார்கள், பெரும்பாலும் புருஷன் பெண்டாட்டியாக. ஒரு செட்டு, அதாவது ஒரு கோழிக் கொட்டகை முழுவதும் அந்த இருவர் பொறுப்பு. அவன் தீவனம் போட்டு, தண்ணீர்க் குழாயைப் பார்த்து, எருவை அள்ளித் தள்ள வேண்டும். அவள் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கி, செத்த கோழிகளைக் கூண்டிலிருந்து எடுத்து வெளியே போட வேண்டும். சம்பளத்தோடு பண்ணைக்குள்ளேயே ஒரு வீடும் கிடைக்கும். ஜோடி இருக்கிறவரை வீடு. இதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, யாரும் மீறுவதும் இல்லை.

என் அக்காவும் மாமாவும் அப்படி ஒரு ஜோடியாகப் பல வருஷம் இருந்தார்கள். எங்கள் சொந்த ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். அப்பாவுக்குக் காணி நிலம் கிடையாது, வாடகை வீடுதான், அதுவும் அவரோடு போயிற்று. அதனால் பண்ணை வீடு அக்காவுக்குப் பெரிய கௌரவம். வாடகை இல்லை, கரண்டுக்குக் காசில்லை, தண்ணீருக்குக் குடம் தூக்க வேண்டாம், கீறல் விட்ட முட்டை தினமும் இலவசம். "சேலத்துல நீ கட்டலுக்கு வாடகை குடுக்கற. எனக்கு ஊடே சும்மா கெடைக்குது பாரு" என்று என்னைக் கேலி செய்வாள். நான் அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன். பெண்கள் விடுதியில் நான்கு பேர் படுக்கும் அறையில் எனக்கு ஒரு கட்டில்.

அந்த வீட்டை நான் சொல்லியாக வேண்டும். ஒரே அறை, மேலே சிமெண்டு ஷீட்டு. பத்தடி தள்ளிக் கோழிச் செட்டு. எருவின் காரம் கண்ணில் இறங்கும், தொண்டையில் இறங்கும். புதிதாகப் போகிறவர்கள் இருமிவிட்டுச் சிரிப்பார்கள். ஈத் தொல்லை தாங்காமல் ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். செட்டுக்கு வெயில் காலத்தில் மேலே பன்னீர் தெளிப்பது மாதிரி தண்ணீர் தூவும் குழாய் ஓடும், பெரிய மின்விசிறிகள் ஓடும். கோழி வெக்கையில் செத்தால் நஷ்டம். வீட்டுக்குள் அக்கா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். பண்ணைக்காரர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார், அக்கா மகள் பத்தாவது பாஸானபோது அவரே ஸ்வீட் வாங்கி வந்தார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது சௌகரியமாக இருந்திருக்கும்.

அக்காவுக்கு இருமல் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தச் செட்டில் எல்லோரும் இருமுகிறவர்கள்தான். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அவள் முட்டை அட்டைகளைத் தூக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவில் வேர்த்துக் கொட்டுகிறது, சோறு இறங்கவில்லை என்றாள். அவள் தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு மேலே தெரிந்தது. சேலத்துக்கு வா, எங்கள் டாக்டரிடமே காட்டலாம் என்றேன்.

"போகலாம் கண்ணு. ஆனா நான் ஒருத்தி வந்தா மாமா ஒத்தையில செட்டப் பாக்க முடியுமா? ரெண்டு பேரும் வந்தா கோழிக்கு ஆரு தண்ணி காட்டறது? அடுத்த பேட்ச் கோழி மாத்தறப்ப செட்டு காலியா இருக்கும், அப்ப வாரேன்."

எங்கள் கிளினிக்குக்கு முந்தாநாள் மாலை தும்மியவர்கள் இன்று காலை காரில் வருவார்கள். இரண்டு நாள் இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று அவர்களே கேட்பார்கள். டோக்கன் தாமதமானால் என்னிடம் கோபித்துக்கொள்வார்கள். அந்த நாட்களில் அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை, தெரியும். இருந்தாலும் வரும்.

அக்கா மருந்தே சாப்பிடாமல் இருந்தாள் என்பதில்லை. அங்கேதான் வினை. கோழிக்குச் சளி பிடித்தால் பண்ணையில் ஒரு மருந்தைத் தண்ணீர்த் தொட்டியில் கலப்பார்கள். இரண்டே நாளில் செட்டு முழுக்கக் குறட்டைச் சத்தம் நின்றுவிடும். பண்ணை ஆட்கள் அதில் ஒரு மூடி எடுத்துத் தாங்களும் குடிப்பது வழக்கம். சூப்பர்வைசரே குடிப்பார். கோழிக்கு வாரம் தவறாமல் டாக்டர் வருகிறார், அவர் எழுதிக் கொடுத்த மருந்து, விலை கூடிய மருந்து, அது எப்படித் தப்பாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நான் சத்தம் போட்டபோது அக்கா சிரித்தாள்.

"ஆயிரங் கோழிக்குக் கேக்குது, ஒரு பொம்பளைக்குக் கேக்காதா? காச்சல் உட்டுப்போச்சு பாரு. நீ சும்மா பயந்து சாகாத."

காய்ச்சல் விட்டுத்தான் இருந்தது. கொஞ்சம் சதைகூடப் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. திரும்ப ஒரு மூடி. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். நெஞ்சு நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களுக்குப் படம் எடுக்க எக்ஸ்ரே வண்டி பண்ணைக்குப் பக்கத்துக் கிராமத்துக் கோயில் திடலுக்கே வந்து நின்றது. ஆனால் பண்ணை எந்தத் தெருவிலும் இல்லை. நடுக்காட்டில், கேட்டுக்குள் இருக்கிறது. சுகாதாரச் செவிலியர் ஒரு தடவை ஸ்கூட்டியில் கேட்டு வரை வந்திருக்கிறார். எங்கேயோ பறவை நோய் என்று பேச்சு அடிபட்ட சமயம் அது. வெளியாள் உள்ளே போனால் காலோடு நோய் ஒட்டிக்கொண்டு வரும், கோழிக்கு ஆகாது என்று காவல்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். யாரைக் கேட்டாலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வீடு கட்டிக்கொள்ளப் பணம் தரும் திட்டமும் இருக்கிறது. கட்டுவதற்கு ஒரு துண்டு மண் உன் பெயரில் இருக்க வேண்டும். இருப்பவனுக்குத்தான் கிடைக்கும் என்பது எங்கள் ஊரில் புதுசு இல்லை.

கடைசியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது ரத்தம்தான். முட்டை அட்டை மேல் இருமியிருக்கிறாள், அட்டை சிவந்துவிட்டது. மாமா பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். சேலம் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். டி.பி. என்றார்கள். இரண்டு பக்க நுரையீரலும் அரித்திருந்தது.

சின்ன வயசு டாக்டரம்மா, பொறுமையானவர். என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அக்கா முதலில் சொல்லவில்லை, பிறகு சொன்னாள். டாக்டர் ஒன்றும் திட்டவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார். அந்தக் கோழி மருந்தும் டி.பி.க்குக் கொடுக்கும் மருந்தில் ஒரு ஜாதிதான். அரைகுறையாகச் சாப்பிட்டதால் நோய் சாகவில்லை, பதுங்கிக்கொண்டது. காய்ச்சல் விட்டது அதனால்தான், நாள் கடந்ததும் அதனால்தான். இப்போது கிருமிக்கு மருந்து பழகிவிட்டது, சாதாரண மாத்திரை கேட்காது, பெரிய மாத்திரைகளை நீண்ட நாள் தர வேண்டும். எல்லாம் இலவசம் என்றார். காற்றோட்டமான வீடு, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, தூசி ஆகவே ஆகாது என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். மாத்திரை தவிர அந்தப் பட்டியலில் எதை நாங்கள் எங்கே போய் வாங்குவது என்று அவரைக் கேட்டு என்ன பயன்.

அக்கா பிழைக்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் ஜோடி உடையும். ஜோடி உடைந்தால் வீடு போகும். வீடு போனால் எங்கே படுத்து ஓய்வெடுப்பாள்? படுக்கையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் நின்றோம், நான், மாமா, அக்காவின் மகள். அவள் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். ராசிபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை கல்லூரிக்குப் போனால் மாதா மாதம் உதவித்தொகை வரும் என்று நானே விசாரித்து வைத்திருந்தேன்.

பண்ணைக்காரர் மாமாவுக்குப் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "பொறுமையா பாத்துட்டு வாங்க. ஆனா செட்டு நிக்காதுங்க. வடக்கத்தி ஜோடி ஒண்ணு வந்து கேட்டுட்டு இருக்குது. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லீருங்க."

அக்காதான் முடிவு சொன்னாள். ஆக்சிஜன் முகமூடியை ஒரு கையால் விலக்கிக்கொண்டு சொன்னாள்.

"ஜோடின்னா புருஷம் பொண்டாட்டியா இருக்கோணும்னு என்ன இருக்குது. அப்பனும் மகளும் போங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவள் படிக்கட்டும் அக்கா என்றேன். உனக்கு வந்தது போதாதா, பிள்ளையையும் அந்த எருவுக்குள் தள்ளுகிறாயா என்று கேட்டுவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊடு போயிருச்சுன்னா நான் எங்க சாமி வந்து படுக்கறது?" என்றாள் அக்கா. "கொஞ்ச நாளைக்குத்தான். எனக்குச் சரியாகட்டும், புள்ள காலேஜுக்குப் போவட்டும்."

மகள் மறுநாள் காலை பஸ்ஸில் அப்பாவோடு பண்ணைக்குப் போய்விட்டாள்.

அக்காவை வீட்டுக்கு அனுப்பிய நாள் நான் லீவு போட்டுக் கூடப் போனேன். கிருமி இனி பரவாது, மாத்திரையைத் தொடர்ந்தால் போதும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆட்டோ பண்ணைக் கேட்டில் நின்றது. சக்கரத்துக்கு மருந்துத் தண்ணீர் அடித்தார்கள். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. முதலாளி வரட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற ஆளை விடலாமா என்று கேட்க வேண்டும் என்றார் காவல்காரர். அக்கா ஆட்டோவுக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெயில் கொளுத்தியது. உள்ளே, செட்டின் மேலே தண்ணீர் தூவிக்கொண்டிருந்தது.

பண்ணைக்காரர் புல்லட்டில் வந்தார். சற்றுத் தள்ளி நின்று யாருக்கோ போன் போட்டார். பேசி முடித்ததும் அவர் முகம் தெளிந்தது. நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார்.

"நம்ம கோழி டாக்டரக் கேட்டுட்டனுங்க. இந்தச் சீக்கு மனுசங்ககிட்ட இருந்து கோழிக்கு வராதாமா. ஒண்ணும் பயமில்லீங்க, உள்ள கூட்டிட்டுப் போங்க."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். கேட்டுத் திறந்தது. நான் எதுவும் பேசவில்லை. பேசினால் கேட்டு மூடிவிடும் என்ற பயம் எனக்கும் அதற்குள் பழகிவிட்டது.

ஜன்னல் சாக்கை நான் பிய்த்து எறிந்தேன். ஈ உள்ளே அப்பிக்கொண்டது, எரு நாற்றம் ஓங்கி வந்தது, அக்கா மூச்சு முட்டி இருமினாள். மகள் ஓடிவந்து திரும்ப அடைத்தாள். அந்தப் பெரிய மாத்திரைகள் அக்காவுக்கு வாந்தியைக் கொண்டுவந்தன. சாப்பிட்ட சோறும் வயிற்றில் நிற்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே செட்டின் சத்தத்தைக் கேட்டு, இந்நேரத்துக்குத் தீவனம் போட்டிருக்க வேண்டுமே, ஏன் இன்னும் கோழி கத்துகிறது என்று மகளை விரட்டிக்கொண்டிருப்பாளாம். மாத்திரையை அவள் நிறுத்தவில்லை. கடைசிவரை சாப்பிட்டாள். ஆனால் அரித்துப்போன நுரையீரல் அந்தக் காற்றைத் தாங்கவில்லை. மழை ஆரம்பிப்பதற்கு முன்னால், மாமாவும் மகளும் செட்டில் இருந்த ஒரு காலை நேரத்தில் போய்விட்டாள்.

கருமாதியைப் பண்ணையில் செய்ய முடியாது, ஊரில் எங்களுக்கு வீடு இல்லை. ஆற்றங்கரையில் ஐயர் இல்லாமல் சுருக்கமாக முடித்தோம். பண்ணைக்காரர் வந்திருந்தார், செலவுக்கென்று மாமா கையில் ஒரு கவரைக் கொடுத்தார். என்னைத் தனியாகப் பார்த்து ஆறுதலும் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. ஊட்டக் காலி பண்ணச் சொல்ல மாட்டேன். பொண்ணு கை அம்மாவ விட வேகமுங்க. ஜோடி முழுசாத்தான் இருக்குது."

அன்று மாலையே அக்கா மகளைச் சேலத்துக்குக் கூட்டிப் போய்விடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். விடுதி அம்மாளின் காலில் விழுந்தாவது என் கட்டிலில் இடம் வாங்கிவிடலாம், அடுத்த வருஷம் எப்படியாவது கல்லூரியில் சேர்த்துவிடலாம். அவளுக்கும் டெஸ்ட் எடுத்திருந்தார்கள், இதுவரை ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அந்த 'இதுவரை' என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பஸ் ஸ்டாப்பில் அவள் கையைப் பிடித்து, கிளம்பு, துணியெல்லாம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவள் அழவில்லை. அப்பா காதில் விழாத மாதிரி என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"நான் வந்துட்டா அப்பாவுக்கு ஊடு ஏதுங்க சித்தி?"

அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மொட்டை போட்ட தலையைத் துண்டால் மூடிக்கொண்டு, பண்ணைக்குப் போகும் டவுன் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் கையை விட்டேன். அவள் கேட்டதற்கு ஒரு பதில் இருந்திருந்தால் என் அக்கா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.