பட்டாயா பஸ்ஸில் என் மொட்டைத் தலை

எழுத்துகள் மேலும் கீழும் போவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதக் கற்று ஐந்து மாதம்தான் ஆகிறது. காகிதத்தில் எழுதிப் படம் பிடித்துப் போடுகிறேன்.

முதல் விமானப் பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று, திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டுதான் புத்தூரிலிருந்து கிளம்பினேன். கட்டியிருப்பது காவி வேட்டி.

இன்று பாங்காக்கிலிருந்து பட்டாயாவுக்குப் பஸ்ஸில் போனோம். இருவரும் சேர்ந்து கடலைப் பார்க்க வேண்டும் என்று என் மனைவி ராணி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வழியில் ஏறிய தாய்லாந்து அம்மாள் ஒருவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் முன்னால் வைத்தார். பிறகு ராணியைப் பின்னால் போகும்படி கை காட்டினார்.

எங்களோடு வந்த, பாங்காக்கில் வேலை செய்யும் மகள் தேவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நைனா, உன்ன புத்த சாமியார்னு நெனச்சிக்கினாங்க. சாமியார் பக்கத்துல பொம்பளைங்க குந்தக் கூடாதாம்."

"இன்னாது, சாமியாரா? காலைல ரெண்டாவது ஆம்லெட்டுக்கு சண்ட போட்டுச்சே இந்த ஆளு!" என்றாள் ராணி. "நாப்பது வருஷமா பக்கத்துலதான் குந்திக்கினு வரேன். எழுந்துக்க மாட்டேன்."

சொன்னவள் பையிலிருந்து முறுக்கை எடுத்து என் வாயில் திணித்தாள். அந்த அம்மாள் பதறிப்போனார்.

தேவி ஒருவழியாக விளக்கிச் சொன்னதும் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்னை எழுப்பி, ராணியைச் சன்னலோரம் உட்கார வைத்ததும் அவர்தான்.

கடல் வந்தபோது ராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் வாயில் இன்னும் முறுக்கு இருந்தது.

வாழைப்பழத்தை அவர் திருப்பிக் கேட்கவில்லை. தின்றுவிட்டேன். பாவமா, சொல்லுங்கள். தலையில் கொஞ்சம் முடி முளைத்ததும், அடுத்த வாரம் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.