மாப்பிள்ளையிடம் கேட்டது

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது அடிவயிற்றை யாரோ பிழிவதுபோல் இருந்தது. பாதிச் சமன்பாட்டைக் கரும்பலகையில் விட்டுவிட்டு ஓடினேன். பல் வேரில் சீழ் பிடித்ததற்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த வாரம் அது. மாத்திரைச் சூடு என்று மோர் குடித்தேன். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

பரிசோதனையில் சி. டிஃப் என்றார்கள் (ஆன்டிபயாடிக்கால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்ததும் அந்த இடத்தில் பெருகி நஞ்சைச் சுரக்கும் கிருமி). மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் திரும்பும். மூன்றாம் முறை திரும்பியபோது, இரும்புலியூரிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் தாம்பரம் போவதற்குள் ஆட்டோவை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு, வழியில் எங்கே கழிப்பறை என்று தெரியாமல் வாசல்படி இறங்க முடியாத நிலை பழகியிருக்கும்.

புரோபயாட்டிக் கேப்ஸ்யூல்களும் (உயிருள்ள நல்ல பாக்டீரியாக்கள் அடங்கியவை) சாப்பிட்டுப் பார்த்தேன். ஏன் பலிக்கவில்லை என்று குடல் மருத்துவரிடம் கேட்டேன்.

"குடலோட உள்சுவர் மேல ஒரு சளிப்படலம் இருக்கு மேடம். நல்ல பாக்டீரியா அதுல ஒட்டணும். சில வகைக்கு உடம்பு மேல முடி மாதிரி இழை இருக்கும், அதால பிடிச்சுக்கும். கேப்ஸ்யூல்ல வர்றது பலபேருக்கு ஒட்டாமலே வெளிய போயிடுது. உங்களுக்கு ஒண்ணு ரெண்டு வகை பத்தாது. ஆரோக்கியமான ஒருத்தர் குடல்ல இருக்கற மொத்தக் கூட்டமும் வேணும்."

அதாவது மலமாற்று சிகிச்சை (ஒருவரின் மலத்தை உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாக இன்னொருவரின் பெருங்குடலுக்குள் செலுத்துவது).

என் கணவர் சாமுவேலுக்குச் சர்க்கரை. ஆகாது என்றார் மருத்துவர். மகள் ஷீபா தொண்டைப்புண்ணுக்கு அப்போதுதான் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாள்.

"வேற யாரும் இல்லையா?"

"மாப்பிள்ளை இருக்கார்," என்றார் கணவர். "அவர்கிட்ட இதை எப்படி டாக்டர் கேக்கறது?"

"ரத்தம்னா கேப்பீங்கல்ல சார்?"

ஷீபாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தினேஷ் ராஜகீழ்ப்பாக்கத்து இந்துக் குடும்பத்துப் பையன், நாவலூரில் வேலை. அவர் வீட்டில் எங்களை இன்னும் எடைபோட்டு முடிக்கவில்லை. அன்று எங்களைக் காரில் அழைத்து வந்தவரும் அவர்தான். கணவரை எதிர்பார்க்காமல் நானே அவரை உள்ளே கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"பிளட் வேணுமா அத்தை? நான் ஓ பாசிட்டிவ்."

"பிளட் இல்ல."

மருத்துவர் விளக்கினார். தினேஷின் காது மடல்கள் சிவந்தன. நான் விடவில்லை. "எய்ட்ஸ் டெஸ்ட் எல்லாம் எடுப்பாங்க. தப்பா நினைக்காதீங்க."

"எடுக்கட்டும் அத்தை. ஆனா நான் ஆபீஸ் கேன்டீன்ல கண்டதையும் சாப்பிடறேன். என்னோடது உங்களுக்கு ஒத்துக்குமா?"

அந்தக் கேள்வியில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவருடைய சோதனை முடிவுகள் வருவதற்குள் எனக்குக் காய்ச்சல் ஏறியது. வயிறு உப்பி, போர்வை பட்டாலே வலித்தது. வீக்கம் கூடினால் பெருங்குடலை வெட்டி எடுக்க நேரலாம் என்று மருத்துவர் வெளியே கணவரிடம் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும்; ஏதோ கெட்ட செய்தி என்பதை அவர் உள்ளே வந்த நடையிலேயே தெரிந்துகொண்டேன். முடிவுகளில் ஒன்று தெளிவாக இல்லை என்று மறுபடி எடுத்தார்கள். எந்தச் சோதனை என்று கேட்கப் பயந்தேன். கடைசியில் எல்லாம் சரி என்றார்கள்.

சிகிச்சை நாள் காலை. என் குடலைச் சுத்தம் செய்து படுக்க வைத்திருந்தார்கள். தினேஷ் கழிப்பறைக்குள் போனார், வெகுநேரம் வரவில்லை. பதற்றத்தில் அவரால் முடியவில்லை.

நர்ஸ் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். கதவுக்கு வெளியே என் கணவரின் குரல் கேட்டது. "அவசரமே இல்ல மாப்பிள்ளை. நாங்க வேணா கீழ போயிடறோம்."

"ப்ளீஸ் மாமா, போங்க," என்றது உள்ளிருந்து குரல்.

கணவரும் ஷீபாவும் லிஃப்டை நோக்கி ஓடும் சத்தம் கேட்டது. அந்த வலியிலும் நான் சிரித்தேன். சிரித்ததில் வயிறு இன்னும் வலித்தது. சற்று நேரத்தில் தினேஷ் யார் முகத்தையும் பார்க்காமல் மூடிய டப்பாவை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அந்த வாரமே ஒரு முழு ராத்திரி எழுந்திருக்காமல் தூங்கினேன். பசி என்றால் என்ன என்று உடம்புக்கு மெல்ல நினைவு வந்தது. அடுத்த மாதம் பள்ளிக்குப் போனேன்.

எல்லோருக்கும் இது முதல் முறையே பலிப்பதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நான் இன்று ஆன்டிபயாடிக் என்றாலே ஏன், எதற்கு என்று கேட்காமல் வாங்குவதில்லை.

போன முறை பார்த்தபோது மருத்துவரிடம், "இனி அந்த பாக்டீரியா எல்லாம் ஒட்டிக்கிட்டே இருக்குமா?" என்று கேட்டேன். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது என்றார். சளிப்படலமும் ஓயாமல் கழிந்து ஊறுகிறதாம். ஒட்டியவற்றில் பல அதோடு போகும். மிஞ்சியவை பெருகி மறுபடி ஒட்ட வேண்டும்.

முழுக்கக் குணமாகிவிட்டதா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள். முன்பென்றால் ஆமாம் என்றிருப்பேன். இப்போது வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "இன்னைக்கு நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்கிறேன்.