அந்தப் பாட்டை எழுதியது நானில்லை

எங்கள் இசைக்குழுவில் பாட்டு எழுதுவதும் பாடுவதும் நான்தான். திண்டுக்கல்லைச் சுற்றிக் கல்யாணம், கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று எது வந்தாலும் போவோம். டோலக் வாசிப்பவன் என் பள்ளித்தோழன். பகலில் தோல் மண்டியில் வேலை. நான் அவனை மாமா என்பேன், அவன் என்னை மாப்ள என்பான்.

தொலைக்காட்சியில் குண்டு விழுந்த ஊர்களையே காட்டிக்கொண்டிருந்த சமயம், போருக்கு எதிராக ஊரில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தவர்கள் எங்களிடம் புதுப்பாட்டு கேட்டார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். குருதி, பேரழிவு, வல்லரசு எல்லாம் இருந்தன. ஒத்திகையில் வாசித்ததும் "நல்லாருக்கு" என்றார்கள். அப்புறம் டோலக் வாசிக்கும் தோழன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான்.

"நானும் சும்மா ஒண்ணு கிறுக்கிப் பாத்தேன் மாப்ள."

ஒரு தாய், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாயிடம் கேட்கிற பாட்டு. "அங்கிட்டு இருக்க ஆத்தா, ஓம் புள்ள சாப்டானா?" என்று தொடங்கும். கீபோர்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். என் பாட்டைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அதைப் பாட வேண்டியவனும் நானே. யாரோ படம்பிடித்துப் போட, ஒரே மாதத்தில் ஷேர் ஆட்டோவிலெல்லாம் ஒலித்தது. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே என் மனைவி முணுமுணுத்தாள்.

"வேற பாட்டே கெடைக்கலயா ஒனக்கு?" என்று எரிந்து விழுந்தேன். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு திருவிழாவில் அதையே இரண்டு முறை பாடச் சொன்னார்கள். முடிந்ததும் ஓர் அம்மா மேடையருகே வந்தார். போனில் ராணுவ உடையில் இருந்த மகனைக் காட்டினார். எல்லையில் இருக்கிறானாம். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க எழுதுனதாய்யா?"

"ஆமாம்மா."

பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த என் தோழன் ஒரு கணம் நின்றான். பிறகு மறுபடி சுருட்டினான். வேனில் எல்லோரிடமும் எப்போதும்போல் சிரித்துப் பேசினான். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மண்டிக்குப் போய், "வா மாமா, குஜிலியம்பாறை போவோம்" என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை. பைக்கை எடுத்தான்.

மகன் ராணுவத்தில் இருக்கிற அம்மா என்று விசாரித்துப் போனபோது, அவர் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். "அன்னைக்குப் பொய் சொல்லிட்டேம்மா. எழுதுனது இவன்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மண் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நேரே அவனிடம் போனார்.

"அந்தப் பக்கத்துப் புள்ளயப் பத்தி நான் ஒருநாளும் நெனச்சதில்லய்யா. ஒங்களுக்கு எப்பிடித் தோணுச்சு?"

"எங்கம்மா கேட்டாங்கம்மா, டிவி பாக்கும்போது. நான் எழுதி வச்சேன், அம்புட்டுதான்."

வரப்பில் உட்கார்ந்து இருவரும் அவர் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். உண்மையைச் சொன்னதில் மனம் லேசாகியிருக்க வேண்டும். கொஞ்சம் ஆகத்தான் செய்தது. ஆனாலும் வெயிலில் நின்றபடி, அந்த ஒரு வரி எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.