வகுப்பு நடக்குது, சத்தம் போடாதேங்கோ

எனக்குச் சத்தமாகக் கதைத்துத்தான் பழக்கம். வயலில் நிற்கிற என் மனுசனைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட வேண்டுமென்றால் குசினி வாசலில் நின்றபடியே கூப்பிடுவேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள். ஜெயபுரத்தில் என் குரல் தெரியாத ஆடு மாடு கிடையாது. அப்படிப்பட்ட நான் ஏறக்குறைய ஒரு போகம் முழுக்க என் சொந்த வீட்டுக்குள் குசுகுசுத்துக்கொண்டு திரிந்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள்.

கொரோனாக் காலம் அது. கம்பஸை மூடிவிட்டார்கள் என்று மகள் ஒரு பையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். இனிப் பாடமெல்லாம் போனில்தான் என்றாள். ஊரில் மற்றப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி, மருதமரத்துக்குக் கீழே உரப்பையை விரித்துக்கொண்டு படித்தார்கள். யானை வருகிற இடம். எங்கள் வீட்டில் மட்டும் அவளின் அறை யன்னலோரம் சிக்னல் எடுத்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் கிழமையே நான் ஒரு கூத்துப் பண்ணினேன். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மிளகாய்க் கன்றில் வாய் வைத்தது. கண்டதும், "எடியே, கட்டையில போவாளே! நில், உன்னைக் கறியாக்கிப் போடுறன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மகள் அந்த நேரம் போனில் ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். என் திட்டு முழு வகுப்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

வெளியே வந்து, "அம்மா, எல்லாருக்கும் கேட்டிட்டுது. படிப்பிக்கிற சேரும் சிரிச்சிட்டார்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. எப்படிப் பார்ப்பேன்? படித்த ஆட்களுக்கு நடுவில் பிள்ளையின் மானத்தை வாங்கிவிட்டேனே என்று எனக்கு உடம்பு கூசிப்போனது.

அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன். படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தம் கூடாது என்பது எங்கள் சனத்தின் இரத்தத்தில் ஊறியது. பிள்ளைகள் சோதனை எழுதுகிற காலத்தில் கோயில் லவுட்ஸ்பீக்கரையே குறைக்கச் சொல்கிற ஆட்கள் நாங்கள். ரேடியோவை நிற்பாட்டினேன். நாயைப் பின்வளவில் கட்டினேன். மனுசன் இருமினால் முறைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி படலையில் நின்று கூப்பிட்டால் ஓடிப்போய், "உஸ்... வகுப்பு நடக்குது, சத்தம் போடாதேங்கோ" என்பேன். அவளும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போவாள். சாப்பாட்டைக் கதவடிக் கதிரையில் வைத்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பூனை மாதிரி வந்துவிடுவேன்.

கோப்பை பாதிச் சோற்றோடு திரும்பி வரும். படிப்பு மும்முரத்தில் பசி தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன். சீப்பால் தலை இழுக்காமல், கண் உள்ளே போய், எப்போதாவது கிணற்றடிக்கு வருவாள். "ஏனடி இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்றால், "வகுப்பம்மா" என்பாள். அதற்கு மேல் நான் வாய் திறப்பதில்லை. மனுசனுக்கோ ஒரே கதைதான்: "நாங்கள் சண்டைக் காலத்தில பங்கருக்குள்ள குப்பி விளக்கில படிச்சனாங்கள். இவவுக்கு அறை இருக்கு, கரண்ட் இருக்கு, இழுத்துச் சாத்தக் கதவும் இருக்கு." கதவைப் பற்றித்தான் நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஒருநாள் பின்னேரம் மழையே இல்லாமல் பெரிய இடியொன்று விழுந்தது. மறுநாள் காலை தேத்தண்ணியை வைத்துவிட்டு, கதவோடு வாயை வைத்து, "வகுப்பு நடக்குதோ பிள்ளை?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஓம்" என்றாள்.

இவருக்குச் சாப்பாடு கொண்டு குளக்கட்டால் நடந்தேன். மருதமரத்துக்குக் கீழே பிள்ளைகள் கல் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். "என்ன, படிப்பெல்லாம் முடிஞ்சுதோ?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"போன் ரவர் செத்துப்போச்சு அன்ரி" என்றாள் ஒரு பெட்டை. "நேற்று இடி விழுந்ததில இருந்து ஊரில ஒருத்தருக்கும் சிக்னல் இல்லை. இஞ்ச பாருங்கோ, ஒரு கோடும் காட்டேல்லை."

ஒருத்தருக்கும் இல்லை. அப்படியென்றால் காலையில் என்னிடம் ஓம் சொன்னவள் எந்த வகுப்பில் இருக்கிறாள்?

சாப்பாட்டுப் பையை எங்கே போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஓடினேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பற்றிக் காதில் விழுந்த அத்தனை கதையும் என்னோடு சேர்ந்து ஓடி வந்தது. அவையெல்லாம் மற்ற வீடுகளில் நடந்தவை என்றுதான் அதுவரை இருந்தேன். வளவுக்குள் புகுந்ததும் கால் அறைப் பக்கம் போகவில்லை, கிணற்றடிக்குப் போனது. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அங்கேயிருந்து அறைக்கு ஓடினேன்.

அறை உள்ளே பூட்டியிருந்தது. "பிள்ளை!" என்று கத்தினேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் குரல் எனக்கே ஆரோ போலக் கேட்டது. கதவை இடித்தேன். ஐயோ, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை! சுற்றி ஓடி யன்னல் சட்டத்தில் ஏறிப் பார்த்தேன்.

கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் நிலத்தில் குந்தியிருந்தாள். காதில் இயர்போன் இருந்தது. அதன் வயரின் மற்ற நுனி எதிலும் செருகாமல் அவள் மடியில் கிடந்தது. போன் கட்டிலில் இருட்டாய்க் கிடந்தது. அவள் கண் திறந்துதான் இருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

என்ன சொல்வதென்று எனக்கு விளங்கவில்லை. ஏதாவது பிழையாகச் சொன்னால் என்ன ஆகும் என்றும் பயம். அதனால் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ரவர் செத்த கதை, அப்பாவின் சாப்பாட்டைத் தொலைத்த கதை, பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் வைக்கோலில் முட்டையிடுகிற கதை. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டு, கோழியைப் பற்றிக் கதைத்தேன். வாய் மூடினால் அவள் போய்விடுவாள் என்று பட்டது.

வெகுநேரத்துக்குப் பிறகு எழும்பி வந்து கதவைத் திறந்தாள்.

"எத்தினை நாளா வகுப்பு இல்லை?"

"வகுப்பு இருக்கு. நான்தான் போறேல்லை" என்றாள். "ஒருநாள் விளங்கேல்லை. அடுத்த நாள் அதைவிட விளங்கேல்லை. கேக்கப் பயமா இருந்தது. பிறகு பேர் கூப்பிடேக்க பதில் சொல்லவும் பயமாப் போச்சு." கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "வெளியில ஒரு சத்தமும் இல்லையம்மா. திரும்பப் பங்கருக்குள்ள இருக்கிற மாதிரி இருந்தது" என்றாள்.

கடைசிச் சண்டையில் அவள் சின்னப்பிள்ளை. பங்கருக்குள் அழத் தொடங்கினால் நான்தான் வாயைப் பொத்தி "உஸ்" என்பேன். அதே "உஸ்"தான்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மனநல டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "விசர் டொக்டரிட்டயோ?" என்று படலையடியில் ஒருத்தி கேட்டாள். "ஓம், உமக்கும் ஒரு நம்பர் எடுத்துத் தரட்டோ?" என்றேன். டொக்டர் மருந்து கொடுத்தார், அவளைத் தனியே விடவேண்டாம், அவளோடு கதைக்க வேண்டும் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், யன்னலைப் பார்த்தபடி, தானாகவே சொன்னாள்.

"அம்மா, நீங்கள் ஆட்டுக்குப் பேசின அண்டைக்கு எனக்கு வெக்கமா இருக்கேல்லை. எல்லாரும் சிரிச்சவை, நானும் சிரிச்சனான். பிறகும் எத்தினை தரம் கேட்டவை, உன்ர அம்மாவின்ர சத்தத்தைக் காணேல்லை எண்டு." பஸ் குலுங்கியது. "அண்டைக்குத்தான் நான் கடைசியாச் சிரிச்சது."

வீட்டுக்கு வந்ததும் நாயை அவிழ்த்துவிட்டேன். ஆடு தன்பாட்டுக்கு ஒரு குற்றமும் செய்யாமல் நின்று அசைபோட்டது. நான் நடு முற்றத்தில் நின்று, "எடியே, கட்டையில போவாளே!" என்று கத்தினேன். திறந்திருந்த அறைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் கத்தினேன்.