அமலியின் வெந்தய நடவு

“வேர்னு ஒண்ணு இருந்தாப் போதும். நான் பிடுங்கி நட்டுப் பிழைக்காதது இந்தக் காவேரித் தண்ணி பாயுற ஊர்ல எதுவும் கிடையாது.”

இப்படிச் சொன்னவர் அமலி. சொன்ன இடம் எஸ்.டி.டி. பூத் வாசல். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த அவருடைய மகன் ஜோசப்ராஜ், மாதா கோயில் திருவிழாவுக்கு லீவில் வரும்போது வெந்தயக் கீரை போட்ட சப்பாத்தி வேண்டும் என்று போனில் கேட்டிருந்தான். அறையில் உடன் தங்கியிருந்த குஜராத்திக்காரர் பழக்கிவிட்ட ருசி அது. வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தெருவிலோ, வெந்தயம் என்பது அஞ்சறைப் பெட்டியில் பிறந்து குழம்பில் முடிகிற பொருள். அதற்கு இலை உண்டு என்ற செய்தியே வெளிநாட்டிலிருந்துதான் வந்து சேர்ந்தது. தாராளமயத்தின் பலன்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அமலி அந்தத் தெருவின் நடவு ஆட்களுக்குத் தலைவி. எந்த வயலில் நடவு தொடங்கினாலும் ‘முடி’ என்கிற நாற்றுக் கட்டில் முதலாவதைப் பிரித்து முதல் குத்தை ஊன்றுவது அவர் கை. சட்டத்தில் எழுதப்படாத பதவி என்பதால் அதற்குத் தேர்தலும் கிடையாது, ஓய்வும் கிடையாது. குனிந்தால் நிமிராமல் வயலின் மறுகரை வரை பின்னோக்கி நடந்தே போவார். நாடே முன்னேறிக்கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட அந்தத் தொண்ணூறுகளில், பின்னோக்கி நடந்தே மகனை ஐ.டி.ஐ. படிக்கவைத்து விமானம் ஏற்றியவர்.

நெல்லை நடாமல் அப்படியே தெளித்துவிட்டுப் போகிறவர்களை மட்டும் அவர் விவசாயிகள் கணக்கில் சேர்ப்பதில்லை. மேட்டூர்த் தண்ணீர் தாமதம் என்று காரணம் சொல்லி நாலைந்து வயல்காரர்கள் அந்த வேலையைச் செய்துமிருந்தார்கள். தெளித்த வயலில் நடவு ஆளுக்கு என்ன வேலை? ஆகவே அமலி வீட்டில் தெளிப்பு, தூவல் போன்ற சொற்களைக் குழந்தைகள் காதில் விழும்படி யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தச் சொல்லைத்தான் பூத் வாசலில் அம்சவல்லி சொன்னார். நடவுக் கூட்டத்தில் அமலிக்கு அடுத்த ஆள் அவர். பல வருஷமாக அடுத்த ஆளாகவே இருந்தவர்.

“வெந்தயம் தூவுறது, அமலியக்கா. நடுறது இல்ல.”

“தூவுறதா? கோழிக்குப் போடுறதைத்தான் தூவுவாங்க.”

“எங்க மாமியா வீட்ல கொத்தமல்லியெல்லாம் தூவித்தான் வந்துச்சு.”

“அந்த வீட்ல உன்னையும் தூவித்தான் விட்டிருக்காங்க. அதான் இன்னும் வேர் புடிக்கல.”

பூத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்சவல்லி சிரிக்கவில்லை.

“சரிக்கா, நட்டுக் காட்டுங்க. பிழைச்சுதுன்னா முதல் முடி பக்கமே நான் வரல. பட்டுப்போச்சுன்னா இந்தச் சம்பாவுக்கு முதல் முடி என் கைக்கு வரணும்.”

“எடுத்துக்க. கூடவே என் கொண்டையையும் அறுத்துத் தரேன்.”

இவ்வாறாகத் தெருவின் ஆட்சி அதிகாரம் ஒரு கீரையின் மேல் பந்தயமாக வைக்கப்பட்டது.

அமலி முறைப்படி இறங்கினார். வெந்தயத்தை ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைவிடவைத்து, கிணற்றடியில் நாற்றங்கால் போட்டார். அதுவரை வெந்தயத்துக்கும் ஆட்சேபம் இல்லை. விரல் உயரத்துக்கு வளர்ந்தது. பிறகு கொல்லையில் பாத்தி வெட்டி, நாலு பக்கமும் வரப்புக் கட்டி, தண்ணீர் விட்டு மிதித்துச் சேறாக்கினார். பாத்தி மூன்று பாய் அகலம்கூட இல்லாததால், சாப்பிட உட்காரும் மணையைப் போட்டு இழுத்துச் சேற்றை மட்டமாக்கிப் பரம்படித்தார். மருமகள் லின்சி வேதாரண்யத்துப் பெண். உப்பளம் பார்த்து வளர்ந்தவள் என்பதால் பயிர் விஷயத்தில் அவளுக்கு அபிப்பிராயம் இருக்க முடியாது என்பது அமலியின் அபிப்பிராயம்.

“அத்தை, இவ்வளவு தண்ணி வேணுமா?”

“நீ போய் உலையைப் பாரு.”

நாற்றைப் பறித்து, வேர்மண் போகக் காலில் தட்டி அலசி, வாழை நாரால் முடி முடியாகக் கட்டி, சிலுவை போட்டுக்கொண்டு நட்டார். வரிசை கயிறு பிடித்தது போல இருந்தது. தெருவே வந்து பார்த்தது. அவ்வளவு அழகான வெந்தய வயலை உலகம் அதுவரை கண்டிருக்காது. காணவேண்டிய அவசியமும் இருந்திருக்காது.

மறுநாள் காலையில் பயிர் முழுவதும் படுத்திருந்தது.

“நெல்லுகூட நட்டதும் சோர்ந்துதான் நிக்கும். அப்புறம் பச்சை பிடிக்கும்” என்றார் அமலி. நெல் நிற்கும், இது படுத்திருந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார், பார்க்க வந்தவர்களைக் கொல்லை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அடுத்து வந்த நாட்களில் இலை மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் பாத்தியிலிருந்து லேசாகக் குழம்பு வாசம் கிளம்பியது. வெந்தயம் தனக்குத் தெரிந்த வேலைக்குத் திரும்பிவிட்டது.

வாசம் கிளம்பிய அன்று மத்தியானம் சீரியல் நேரம். கேபிள் வந்த பிறகு அந்த அரை மணி நேரத்தில் தெருவில் நாய்கூட வெளியே இருப்பதில்லை. அமலி லின்சியிடம், “நீ போய்ப் பாரு. எனக்கு அப்புறம் கதை சொல்லு” என்றார். இத்தனை பெருந்தன்மையை லின்சி அந்த வீட்டில் பார்த்ததில்லை. அவள் டி.வி. முன்னால் உட்கார்ந்த பிறகு அமலி கொல்லைக்குப் போனார். பாத்தித் தண்ணீரை வடித்து, செத்த நாற்றைப் பிடுங்கி, மண்ணைக் காயவிட்டார். மண் காய்ந்ததும் ஒரு நாள் அதே சீரியல் நேரத்தில் கொத்தி, நடவு வரிசை தப்பாமல், குத்துக்குக் கொஞ்சமாக விதையை விரலால் இட்டு மூடினார். பிறகு பாத்தியைச் சுற்றிலும் மேலேயும் தென்னங்கீற்று கட்டி மறைத்துவிட்டார். நாடு தன் கதவுகளையெல்லாம் திறந்துகொண்டிருந்த காலத்தில், தட்டி வைத்து அடைக்கப்பட்ட ஒரே சந்தை அதுவாகத்தான் இருக்கும்.

“அத்தை, அஞ்சறைப் பெட்டியில வெந்தயத்தைக் காணோம்.”

“எலி.”

“எலி வெந்தயம் தின்னுமா?”

“சுகர் இருக்கிற எலியா இருக்கும்.”

லின்சி கடைக்குப் போய் வாங்கி வந்தாள். வழக்கமாக வாங்குவதைப் போல இரண்டு மடங்கு வாங்கி வந்தாள்.

வந்து விசாரித்தவர்களிடம், நட்ட பயிர் பிரசவித்த பெண்ணைப் போல, பச்சை பிடிக்கும் வரை பிறத்தியார் கண் படக்கூடாது என்று அமலி விளக்கினார். ஜோசப்ராஜ் பெட்டியும் கம்பளியுமாக வந்து இறங்கிய அன்று கீற்று பிரிக்கப்பட்டது. உள்ளே வெந்தயம் ஒரு சாண் உயரத்தில், வரிசை வரிசையாக, எதையும் காட்டிக்கொள்ளாமல் நின்றது. ஜோசப்ராஜ் ஐந்து சப்பாத்தி தின்றுவிட்டு, மஸ்கட்டில்கூட இப்படி இல்லை என்றான். அம்சவல்லி வந்தார். பாத்தி ஓரம் குந்தி ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நீங்க சொன்னதுதான்க்கா சரி. இனிமே முதல் முடி பேச்சு எடுக்க மாட்டேன்.”

அமலி பெருந்தன்மையாகத் தலையாட்டினார். கதை இங்கே முடிந்திருந்தால் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது. அம்சவல்லி எழுந்திருக்காமல், “கொஞ்சம் நாத்து கொடுங்கக்கா, நானும் நட்டுப் பழகுறேன்” என்று கேட்டுவிட்டார். கூட நின்ற பெண்களும் கை நீட்டினார்கள். இல்லையென்று சொல்ல அமலிக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பாத்தியின் கடைசி வரிசைகளில் பிந்தி முளைத்த சின்னச் செடிகளை அவரே பறித்து, அவரே முடி கட்டிக் கொடுத்தார்.

தெரு முழுவதும் சேறு கலக்கப்பட்டது. தெரு முழுவதும் குழம்பு வாசம் வந்தது.

இதனால் அமலியின் பெயர் கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் உலகம் அறியாதவர்கள். “அது அமலி கை. நம்ம கைக்கு வருமா?” என்றார்கள். அடுத்தவர் கொல்லையில் செத்த ஒவ்வொரு செடியும் அவர் புகழில் ஒரு இலையாகத் துளிர்த்தது. ஆனால் எல்லோருக்கும் செத்த செடி அம்சவல்லிக்கு மட்டும் பாரமாக விழுந்தது. மற்றவர்கள் ஒரு தடவையோடு விட்டுவிட்டார்கள். முதல் முடி கேட்டவர் என்பதால் இவரால் விட முடியவில்லை. மறுபடி நட்டார், மறுபடி போயிற்று. நடவுப் பெண்கள் கேலி பேசினார்கள். வயல்காரர் ரெத்தினம், சம்பாவுக்கு ஆள் சொல்ல வந்தவர், அமலியிடமே, “அம்சவல்லியை நாத்துப் பறிக்க மட்டும் விடுங்க. அந்தக் கை பட்டாப் பயிர் தங்காதுன்னு பேசிக்கிறாங்க” என்றார்.

அமலிக்கு அன்று சோறு இறங்கவில்லை. வெந்தயத்தைத் தூவ வேண்டும் என்று தெருவில் சரியாகச் சொன்னவர் அம்சவல்லி ஒருவர்தான். பறிக்க மட்டும் விடச் சொன்னதும் அவரைத்தான். நடவு நட்டே வயிறு வளர்த்தவரைப் பறிக்க மட்டும் விட்டால், அவர் கூலி பாதியாகும். கூட்டத்தில் பேசுகிற வாயும் போய்விடும்.

ரெத்தினம் வயலில் நடவு தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அமலி அம்சவல்லியின் கொல்லைக்குப் போனார். அம்சவல்லி சேற்றில் குந்தியிருந்தார். கையில் ஒரு முடி இருந்தது. எங்கோ விதை வாங்கி அவரே நாற்றங்கால் போட்டுப் பறித்தது.

“வாங்கக்கா. எங்க தப்புப் பண்றேன்னு கொஞ்சம் பாருங்க. முடியை இறுக்கிக் கட்டுறேனோ?”

அமலி அந்த முடியை வாங்கி ஓரமாக வைத்தார். தண்ணீர் ஏறாத மேட்டுப் பக்கம் போய் உட்கார்ந்து, மண்ணை உதிர்த்து, விரலால் ஒரு கோடு கிழித்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே வெந்தயம்.

அம்சவல்லி விதையைப் பார்த்தார். அமலியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார்.

“அக்கா, அப்ப உங்க கொல்லையில…”

“பேசாம அந்தப் பக்கம் ஒரு கோடு போடு.”

அம்சவல்லி கோடு போட்டார். அமலி பாதி விதையை அவர் உள்ளங்கையில் கொட்டினார்.

“ஆழமாப் போடாத. மண்ணு லேசா மூடினாப் போதும்.”

“சரிக்கா.”

“நாளைக்கு ரெத்தினம் வயல்ல முதல் முடி நீ பிரி. நான் உனக்கு அடுத்து நிக்கிறேன்.”

அம்சவல்லி வாயைத் திறந்தார். அதற்குள் அமலி அடுத்த கோட்டுக்கு நகர்ந்து, குனிந்த தலை நிமிராமல் தூவிக்கொண்டிருந்தார்.