நடுவில் ஒன்றும் வேண்டாம்

ஞானசுந்தரம் சாதியால் ஆசாரி இல்லை. தேயிலைத் தொழிற்சாலைக்கு மாடி எழுப்ப ஈப்போவிலிருந்து சீனத் தச்சர்கள் வந்து இரண்டு வருஷம் எஸ்டேட்டில் தங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பலகை தூக்கிக் கொடுக்கப் போனவர், தூக்கிக் கொடுத்துக்கொண்டே பார்த்தார். பார்த்துப் பார்த்தே இழைப்புளி பிடிக்கக் கற்றார். அவர்கள் போன பிறகு எஸ்டேட்டுக்கு அவர்தான் ஆசாரி. மூன்று தடவை அளந்த பலகையை நான்காவது தடவையும் அளப்பார். காதில் செருகிய பென்சிலோடு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய், நற்கருணை வாங்கும்போது பாதிரியார் சிரிப்பை அடக்கிக்கொண்டதும் உண்டு.

அவருடைய மனைவி கத்தரீன் கொழுந்து பறித்தவள். முப்பத்தைந்து வயதில் அவள் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகி, பிறகு அந்தக் குழாயும் அடைந்துபோனது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அவள் மலைக்குப் போனாள். இளங்கொழுந்து விரலுக்குத் தெரியும், முற்றின இலை ஒடியும்போதே தெரியும் என்று சொல்லுவாள். கங்காணி மாடசாமிக்கு விஷயம் தெரியும். மற்றவர்கள் கூடையைக் கிளறிக் காம்பை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுகிறவர், அவள் கூடையை மட்டும் கிளறாமல் விட்டார். மழைக்காலத்தில் சரிவில் இரண்டு தடவை விழுந்தபிறகுதான், முட்டிவலி என்று சொல்லி வேலைக் கணக்கிலிருந்து பேரை எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் போனது லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். ஆபீசுக்குத் தெரியாது.

லயத்து வீட்டின் பின்கட்டுச் சமையலறையை ஞானசுந்தரம் அவளுக்காகப் பிரித்துக் கட்டினார். எட்டடிக்கு ஆறடி. தண்ணீர்ப் பானை, அம்மி, அடுப்பு, உப்புச் சட்டி எல்லாம் சுவரையொட்டி, அவள் இடது கை சுவரை விடாமல் போனால் ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி வைத்தார். நடுவில் ஒரு மணைக்கட்டைகூட இல்லை. அங்கே அவள் நடப்பதைப் பார்க்கும் புதிய ஆள் அவளுக்குப் பார்வை இல்லை என்று சொல்லமாட்டான். கைகளை முன்னால் நீட்டித் துழாவாமல், நிமிர்ந்து நடப்பாள்.

மலாயாவில் வெள்ளைக்கார சர்க்கார் அவசரகாலம் அறிவித்து எட்டாவது வருஷம் அந்த உத்தரவு வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி முன்பே வந்துவிட்டது. மலைக்குப் போகிறவர்களின் சாப்பாட்டுத் தூக்கை வாசலில் திறந்து பார்ப்பதும் பழகிவிட்டது. இனிமேல் யார் வீட்டிலும் அரிசி இருக்கக்கூடாது, சோறுதான் இருக்கலாம் என்றது புதிய உத்தரவு. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேருகிறது. சோறாக்கிக் கொடுத்துவிட்டால் இரண்டு நாளில் ஊசிப்போகும், யாரும் பதுக்கிவைக்க முடியாது என்பது சர்க்கார் கணக்கு. எஸ்டேட் முழுவதற்கும் ஒரே சமையற்கட்டு. கார்டைக் காட்டிச் சோறு வாங்கிக்கொள்ள வேண்டும். குழம்பு, கறி மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஆபீஸ் கிராணி தங்கராஜு காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் இதைப் படித்தார். ஞானசுந்தரம் வீட்டுக்கு வந்து சொன்னார். கத்தரீன் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அப்ப எனக்கு என்னங்க வேலை?" என்று கேட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து, கண் இருந்தபோதும் போனபிறகும், அந்த வீட்டில் அவள் வடித்த சோற்றைத்தான் அவர் தின்றிருக்கிறார்.

பொதுச் சமையற்கட்டைக் கட்டும் வேலை அவரிடம்தான் வந்தது. எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை ஒரு படத்தை மேசைமேல் விரித்தார். ஏதோ ராணுவ முகாமின் சமையலறை. நடுவில் பெரிய செங்கல் மேடை, மேடைமேல் எட்டு அடுப்பு, மேலே ஒரே புகைபோக்கி. சமைப்பவர்கள் மேடையைச் சுற்றி நிற்க வேண்டும். ஞானசுந்தரம் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு கிராணி மூலமாகத் துரையிடம், நடுவில் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னார்.

காரணங்களை வரிசையாகச் சொன்னார். இந்த மலையில் காலைப் பனி இறங்கினால் புகை மேலே ஏறாது, கூரைக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். அடுப்புகளைச் சுவரோரம் வைத்து, விறகு போடும் வாயைச் சுவருக்கு வெளியே திறந்துவிட்டால் புகை உள்ளே வராது. விறகுக்காரனும் உள்ளே வர வேண்டியதில்லை; உள்ளே வராதவன் அரிசியை எப்படிக் கொண்டுபோவான்? கடைசிக் காரணம் துரைக்குப் பிடித்துப்போனது. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்.

சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. நடுவில் இடம் காலியாக இருந்தால் ஆட்கள் நடுவில் நடப்பார்கள். சுவரோரம் கத்தரீனுக்குக் கிடைக்கும்.

பெரட்டுத் திடலில் சுண்ணாம்புக்கோடு போட்டு முழுச் சமையற்கட்டையும் தரையில் வரைந்தார். வாசலையொட்டி அரிசி அறை, அடுத்து கழுவும் தொட்டி, அடுத்து எட்டு அடுப்பு, கஞ்சி வடிக்கும் திண்டு, கடைசியில் சோறு கொடுக்கும் ஜன்னல். பிறகு தலைத்துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கோட்டின்மேல் நடந்து பார்த்தார். வேலை முடிந்து வந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன ஆசாரியாரே, இந்த வயசுல கண்ணாமூச்சியா? யாரைப் பிடிக்கப் போறீங்க லா?" என்றார் மாடசாமி.

"உங்களைத்தான் கங்காணி. சோத்துக்கு மொத ஆளா வந்து நிப்பீங்கள்ல, அந்த வழியைப் பாக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாடசாமியும் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து, கோட்டின்மேல் கிடந்த கல்லை எடுத்துத் தூரப் போட்டார்.

கட்டடம் ஒரு மாதத்தில் எழுந்தது. சுவர் நெடுக இடுப்பு உயரத்தில் ஒரு மரச்சட்டம் அடித்தார். அண்டா சுவரில் இடிக்காமலிருக்க என்று ஆபீசில் சொன்னார். சட்டத்தை அவர் இழைத்த இழைப்பு அண்டாவுக்குச் செய்ததுபோல் இல்லை. கை வழுக்கிக்கொண்டு போகும். சமைக்க எட்டுப் பெண்கள். மாடசாமி சொல்லச் சொல்லக் கிராணி பேர் எழுதினார். ஏழாவது பேர் கத்தரீன்.

அந்த நான்கு மாதம் அவள் குரலே மாறிவிட்டது. உலை கொதிக்கும் சத்தத்தை வைத்தே எந்த அடுப்பில் சோறு பதம் வந்தது என்று சொல்லிவிடுவாள். பெரிய அண்டாவைக் கம்பு கோத்து இருவர் தூக்கிச் சரித்துத்தான் கஞ்சி வடிக்க வேண்டும். கம்பின் மறுமுனையில் சரோஜா, பக்கத்து லயத்துப் பெண்.

"அக்கா, உங்களுக்குக் காதுலயும் கண்ணு இருக்கு," என்பாள் சரோஜா.

"உனக்கு வாயில மட்டுந்தான் இருக்கு. தூக்குடி."

சோற்றுக் கூடையை இடுப்பில் வைத்து, ஒரு கையால் சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் ஜன்னலுக்கு நடப்பாள். சூடும் அவசரமுமாக மற்ற ஏழுபேர் நடுவில் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். யாரும் அவளை இடிக்கவில்லை. அவளுக்காக யாரும் ஒதுங்கவும் இல்லை. ஒதுங்க வேண்டிய தேவையே அந்தக் கட்டடத்தில் இல்லை.

ஐந்தாவது மாதம் வேலிக்கு வெளியே ஒரு சோற்றுப் பொட்டலம் கிடந்தது. யார் எறிந்தது என்று தெரியவில்லை. போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சமையற்கட்டின் நடுவில் ஒரு மேசை வேண்டும் என்றார். கான்ஸ்டபிள் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் இருந்த இடத்திலிருந்து எட்டு அடுப்பும் தெரிய வேண்டும். ஒவ்வொரு கூடையும் மேசைக்கு வந்து எடை நிறுத்துப் பார்த்த பிறகே ஜன்னலுக்குப் போக வேண்டும்.

மேசை செய்யும்படி ஞானசுந்தரத்துக்குச் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே போட்டால் நன்றாக இருக்கும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதிகாரி ஒப்பவில்லை. வேறு ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று கிராணி கேட்டார். சொல்லிவிடலாம். சொன்னால் அன்றைக்கே பட்டியலில் ஏழாவது பேரை அடித்துவிடுவார்கள் என்று பயம்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார்.

வீட்டில் அவளிடம் மேசை வரப்போகிறது என்றார். அளவைச் சொன்னார்: ஆறடிக்கு மூன்றடி, கடைசி அடுப்பிலிருந்து நடந்தால் பதினொரு எட்டு.

"நடுவுல ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"தொரைகிட்ட என்னையப் பத்திச் சொன்னீங்களா?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினார்.

"சொல்லாதீங்க. பதினொரு எட்டுதானே. நடந்துக்கிடுவேன்."

மேசைக்கு ஒரு நாள் போதும். அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். இரண்டாவது நாள் முழுவதும் நான்கு மூலைகளிலும் போனது. உளியால் மழுக்கி, அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அவள் இடுப்பு வந்து இடித்தாலும் காயம் படக்கூடாது. மேசை போட்ட முதல் நாள் விடியற்காலையில் கத்தரீன் மேசையைச் சுற்றிக் கையால் தடவினாள். மூலைக்கு வந்ததும் கை நின்றது. இப்படி உருட்டி வைத்தால் பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்களா என்றாள். மேசை மூலையை யார் பார்க்கப்போகிறார்கள் என்றார் அவர்.

மூன்று வாரம் அவள் பதினொரு எட்டு நடந்தாள். சுவரை விட்டு, கை தொட ஒன்றுமில்லாத இடத்தில், கூடையோடு நடந்தாள். வாய்க்குள் எண்ணுவது கேட்டதாகச் சரோஜா பிற்பாடு சொன்னாள்.

பிறகு அதே அதிகாரி துரையோடு வந்தார். அன்று ஞானசுந்தரமும் அங்கே இருந்தார். ஜன்னல் கதவு சரியாக மூடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி மேசை மூலையைத் தடவிப் பார்த்தார். இது என்ன, தவழுகிற பிள்ளைக்குச் செய்த மேசையா என்று சிரித்தார். கிராணி அதைத் தமிழில் சொன்னார். ஞானசுந்தரம் ஜன்னல் கீலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் போதவில்லை, மேசையைத் திருப்பிப் போடுங்கள் என்றார் அதிகாரி. இரண்டு பேர் அதைத் தூக்கித் திருப்பினார்கள். கத்தரீன் அதற்குள் ஏழாவது எட்டில் இருந்தாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் இடுப்பு மூலையில் மோதியது. காயமில்லை. கூடையும் விழவில்லை. ஆனால் அவள் இன்னொரு கையை முன்னால் நீட்டி, உலகம் எங்கே போய்விட்டது என்று தேடுவதுபோல, காற்றில் துழாவினாள். அதை எல்லாரும் பார்த்தார்கள்.

சமையற்கட்டில் பேச்சு நின்றுபோனது. அதிகாரி அவள் முகத்துக்கு நேரே கையைத் தூக்கினார்.

"எத்தனை விரல்னு கேக்குறாரும்மா," என்றார் கிராணி.

"தெரியலீங்க," என்றாள் கத்தரீன். "மூணாவது அடுப்புல சோறு பதம் தாண்டுது. யாராச்சும் எறக்குங்க."

யாரும் அசையவில்லை. அன்றைக்கு எஸ்டேட்டில் பாதிப்பேர் குழைந்த சோறு தின்றார்கள்.

மறுநாள் துரை கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை. கொதிக்கிற அண்டாக்களுக்கு நடுவே கண் தெரியாத ஒருத்தியை விட முடியாது, அவளுக்கே நல்லதில்லை என்றார். பிறகு ஏதோ ஒன்றைக் கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா மேசையை வெளியில போட்டிருக்கலாமே, ஏன் சொல்லலைன்னு கேக்குறாரு."

அது நிஜமோ, இரக்கத்துக்குச் சொன்னதோ, ஞானசுந்தரத்துக்குத் தெரியவில்லை. சாகும்வரை தெரியவில்லை. அப்போதுதான் வாய் திறந்தது. சட்டத்தை எதற்கு அடித்தார், நடுவை எதற்குக் காலியாக வைத்தார், மூலையை எதற்கு உருட்டினார் என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். கிராணி ஒரு வார்த்தை விடாமல் துரைக்குச் சொன்னார்.

துரை போலீசுக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மேசை ஜன்னலுக்கு வெளியே, தகரக் கூரைக்குக் கீழே போகலாம். கத்தரீன் திரும்பி வரலாம். அண்டா தூக்கக்கூடாது; எந்நேரமும் ஒரு பெண் அவளோடு கூடவே இருக்க வேண்டும். ஞானசுந்தரம் மேசையை அன்றைக்கே வெளியேற்றிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

கத்தரீன் அணைந்த அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"போகலீங்க," என்றாள்.

மேசை போய்விட்டது, நடு பழையபடி காலி என்றார்.

"நடு காலிதான். ஆனா இப்ப எல்லாரும் வழி விடுவாங்க. நான் வர்ற சத்தம் கேட்டதும் நின்னு, ஒதுங்கி, பேச்சை நிறுத்துவாங்க. கூட ஒருத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு வருவா. முன்ன யாரும் எனக்கு வழி விடல. அதான் நல்லா இருந்துச்சு."

அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க நினைத்தார். எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை; சொல்லாமலிருந்ததற்கா, சொன்னதற்கா? அவள் கையை எட்டி அவர் முழங்காலைத் தொட்டாள். நேரமாகிறது, போய்ச் சோறு வாங்கி வாருங்கள் என்றாள். தண்ணீர் எடுக்க எழுந்தவள், தன் சொந்தச் சமையலறையில், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள்.

அவர் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சமையற்கட்டு ஜன்னலுக்கு முன்னால் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். அவர் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கினாள். அவளுக்கு முன்னால் நின்றவளும் ஒதுங்கினாள். ஜன்னல்வரைக்கும் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கி, ஆள் நுழையும் அகலத்துக்கு வழி திறந்தது.

"நீங்க முன்னாடி போங்கண்ணே. அக்கா பசியா இருப்பாங்க."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டு, அவர்கள் விட்ட வழியில் நடந்தார்.