கழுவெளிய ஒப்பந்தம் எடுத்த வெள்ளக்காரன்

ஜீப்பு வந்துச்சுன்னா எங்க தெருவுல ஆம்பளைங்க இருக்க மாட்டாங்க. எமர்ஜென்சி சமயம் அது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆளப் புடிச்சுக்கினு போறாங்கன்னு ஒரே பேச்சு. மரக்காணத்து உப்பளத்துல நாள் பூரா நின்னு காலு வெந்து, வூட்டுக்கு நொண்டிக்கினு வர்ற ஆம்பளைங்க, ஜீப்பு சத்தம் கேட்டா மட்டும் மானு மாதிரி பாய்வாங்க. என் வூட்டுக்காரரு எல்லாருக்கும் முன்னாடி.

"யோவ், ஒரு புள்ளக்காரன புடிக்க மாட்டாங்கய்யா!"ன்னு கத்துனேன்.

"மூஞ்சியப் பாத்தா அவனுக்கு எப்டிடி தெரியும்?"னு கேட்டுக்கினே ஓடிப் போயி உப்புக் குமிக்குப் பின்னால குந்திக்கினாரு.

அன்னிக்கு வந்த ஜீப்பு அந்த ஜீப்பு இல்ல. எறங்குனவரு கழுத்துல பைனாகுலரு தொங்குச்சு. பறவைங்கள எண்றதுக்கு வந்த ஆபீசராம். பொம்பளைங்க நாங்க மட்டுந்தான் நின்னுக்கினு இருந்தோம். அவரும் மரியாதையாத்தான் பேசுனாரு. பல நாட்டுக்காரங்க ஒண்ணா உக்காந்து ஒப்பந்தம் போட்டிருக்காங்க, உங்க கழுவெளி மாதிரி தண்ணி நிக்கிற எடத்தையெல்லாம் காப்பாத்தணும், யாரும் பாழ் பண்ணக் கூடாதுன்னு சொன்னாரு. சொல்லிட்டு வண்டி ஏறிட்டாரு.

அவரு பேசுன பேச்சுல எங்க காதுல தங்குனது ஒரே வார்த்த. ஒப்பந்தம்.

எங்க பக்கம் ஒப்பந்தம்னா ஒண்ணுதான். ஒரு ஏரிய ஒருத்தரு ஒப்பந்தம் எடுத்துட்டாருன்னா அதுல இருக்குற மீனெல்லாம் அவருது. கால் கழுவ எறங்குனாக் கூட காவக்காரன் "ஏய், யாரு அது?"ம்பான். பெருமுக்கல் பக்கம் எங்கம்மா ஊரு ஏரிய அப்டித்தான் ஒருத்தரு எடுத்தாரு. எங்கம்மா புடிச்ச மீன கரையிலியே கொட்டச் சொல்லி, மீன் போட்டு வெக்கிற பறியையும் காலால மெதிச்சுட்டான் அந்தக் காவக்காரன். அப்புறம் எங்கம்மா அந்த ஏரிப் பக்கமே போவல.

அதனால, ஜீப்பு கெளப்புன புழுதி அடங்குறதுக்குள்ள என் மாமியா சொல்லிட்டாங்க, "போச்சுடி. கழுவெளிய வெள்ளக்காரன் ஒப்பந்தம் எடுத்துட்டான்."

மழ வந்தா உப்பு வேல நின்னுடும். பாத்தியெல்லாம் தண்ணியில முழுகிடும். அந்த மாசங்கள்ல எங்க அடுப்பு எரியறது கழுவெளியாலதான். தண்ணியில குந்திக்கினு, ரெண்டு கையாலயும் சேத்தத் தடவித் தடவி எறா புடிப்போம். கை ரெண்டும் வேலையா இருக்குறதால பறிய பல்லால கடிச்சுக்கணும். ஓலையில பின்னுன சின்னக் கூடதான் அது. அது வாயில இருக்குற வரைக்கும் பேச முடியாது. "இந்த வூட்டுல நிம்மதின்னா, என் மருமவ வாயில பறி இருக்குற நேரந்தான்"னு மாமியா ஊரெல்லாம் சொல்லுவாங்க. நானும், "அதுக்குத்தான் அத்தே, அடுத்த தபா உங்களுக்கும் ஒண்ணு பின்னித் தர்றேன்"ம்பேன்.

இப்ப அந்தப் பறிக்கே வேட்டு.

அதுலேர்ந்து எனக்கு உக்கார முடியல. கழுவுன சட்டியவே கழுவுனேன். வெளிய போயி மேகத்தப் பாப்பேன், உள்ள வந்து கூரையில சொருவி வெச்ச பறியப் பாப்பேன். காத்து தெச மாறிடுச்சு. உப்பு வார்ற எடத்துல பலகையக் கையில வெச்சுக்கினு கழுவெளிப் பக்கமே பாத்துக்கினு நிப்பேன், மேஸ்திரி கத்துவாரு. எப்ப வருவானோ வெள்ளக்காரன், காவலுக்கு யாரப் போடுவானோ. நம்ம தெரு ஆளையே போட்டாத்தான் இன்னும் மோசம், அவனுக்குத்தான் நம்மள நல்லாத் தெரியுமே.

"நேரா போயி கேட்டுட்டு வந்துடலாம்யா"ன்னேன் வூட்டுக்காரரு கிட்ட.

"ஜீப்புக்காரன் கிட்ட போயி நீயா நிப்பியா? புருஷன் எங்கம்பான். இன்னா சொல்லுவ?"

"உப்புக் குமிக்குப் பின்னால பாருங்கம்பேன்."

அவருக்குக் கோவம் வந்துடுச்சு. ஆனாலும் மறுநாளு நானும் மாமியாவும் கெளம்புனப்ப, கொஞ்சம் பின்னால பன மரம் பன மரமா மறஞ்சு மறஞ்சு வந்தாரு. நாங்க பாக்காத மாதிரியே நடந்தோம்.

ஆபீசரு கழுவெளிக் கரையில துணிக் கொட்டா போட்டுத் தங்கி இருந்தாரு. டம்ளர்ல டீய வெச்சுக்கினு தண்ணியவே பாத்துக்கினு இருந்தாரு.

"ஏங்க," மாமியா ஆரம்பிச்சாங்க, "அந்த வெள்ளக்காரரு எப்ப வர்றாரு?"

"எந்த வெள்ளக்காரரும்மா?"

"கழுவெளிய எடுத்தவருங்க."

அவருக்குப் புரியல. நான் பூந்தேன். "காவலுக்கு ஆள் போட்டாச்சுங்களா? போடலன்னா என் வூட்டுக்காரர போடுங்க. வேல செய்ய மாட்டாரு, ஆனா யாராச்சும் வந்தா மொத ஆளா ஓடி வந்து சொல்லுவாரு."

பன மரத்துக்குப் பின்னால ஒரு இருமல் சத்தம் வந்துச்சு.

கொஞ்ச நேரம் ஆச்சு அவருக்கு வெளங்கறதுக்கு. வெளங்குனதும் சிரிச்சுச் சிரிச்சு டீயெல்லாம் சட்டையில. எனக்குச் சிரிப்பு வரல. "சிரிக்காதீங்க சார். மழ வந்தா எறங்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க"ன்னேன். அப்பத்தான் என் மூஞ்சிய சரியாப் பாத்தாரு. டம்ளரக் கீழ வெச்சாரு.

"தாராளமா எறங்கலாம்மா. யாரும் எதையும் எடுக்கல. அந்தப் பறவைங்க எங்கியோ பனி கொட்டுற நாட்டுல குஞ்சு பொரிச்சுட்டு, வழியில ஏழெட்டு நாட்டத் தாண்டி இங்க வருதுங்க. நம்ம மட்டும் பாத்துக்கினா போதுமா? வழியில ஒருத்தன் ஏரியத் தூத்துட்டா அது எங்க எறங்கும்? அதான் பல நாட்டுக்காரங்க சேந்து, அவங்கவங்க எடத்த அவங்கவங்க காப்பாத்துறதுன்னு பேசி கையெழுத்துப் போட்டிருக்காங்க. தண்ணி இருந்தாத்தான் பறவை. அதே தண்ணியிலதான் உங்க எறாவும்."

"இப்ப புரியுதுங்க. பொறந்த வூடும் புகுந்த வூடும் கலந்து பேசிக்கினாத்தான் பொண்ணு போய் வர முடியும். அதானே?"

"அதேதாம்மா."

"எங்க வூட்டுல அப்டி ஒரு பேச்சே நடக்கல பாருங்க"ன்னேன். மாமியா என் இடுப்புல கிள்ளுனாங்க.

"அப்ப நம்ம நாடும் கையெழுத்துப் போட்டுச்சுங்களா?" நான் வுடல.

"இன்னும் இல்லம்மா. போடும்னு நெனைக்கிறோம்."

"போட்டா எங்க கழுவெளி அதுல வந்துடுமா?"

"அது சொல்ல முடியாது. நாட்டுல எவ்ளோவோ பெரிய பெரிய ஏரி இருக்குது. இதுக்கெல்லாம் எடம் கெடைக்குமோ என்னமோ."

இங்கதான் பாருங்க, எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. அந்த நிமிஷம் வரைக்கும், அந்த ஒப்பந்தத்துல கழுவெளி இருக்கக் கூடாதுன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்துக்கினு வந்தவ நானு. இல்லன்னு சொன்னதும் தாங்கல.

"இன்னா சார், எங்க கழுவெளிக்கு இன்னா கொறச்சல்? இன்னா இல்ல இங்க?"

"கொறச்சல்னு சொல்லலம்மா..."

"கையெழுத்துப் போடாத நாட்டு ஏரின்னு அந்தப் பறவைங்களுக்குத் தெரியுமா? அதுங்க பாட்டுக்கு வந்துடுச்சே!"

மாமியா என்ன இழுத்துக்கினு வந்துட்டாங்க. வழியெல்லாம் திட்டுனாங்க. "எடுத்துட்டான்னு அழுவுற, எடுக்கலன்னும் அழுவுற. நீ இன்னா பொம்பளடி?" எனக்கே தெரியல. எறங்கலாம்னு சொல்லிட்டாரு, நிம்மதியா நடக்க வேண்டியதுதானே? நடக்க முடியல. காப்பாத்துறேன்னு யாரும் கையெழுத்துப் போடலன்னா, நாளைக்கு நெசமாவே எவனாச்சும் வந்து எடுத்துக்குவானே. தூத்துட்டான்னா? அப்ப எந்தக் கொட்டாயில போயி கேக்குறது?

மழ புடிச்சுச்சு. பறிய எடுத்துக் கடிச்சுக்கினு தெருப் பொம்பளைங்களோட நானும் எறங்குனேன். சேறு ஜில்லுன்னு வெரலுக்குள்ள வந்துச்சு. எதிர்ல கூட்டங்கூட்டமா வாத்துங்க. எங்கள ஒரு தபா பாத்துச்சுங்க, அப்புறம் அதுங்க வேலைய பாத்துச்சுங்க. மாமியா கரையில கொடையப் புடிச்சுக்கினு குந்தி இருந்தாங்க.

அப்ப கரையோரம் அந்த ஜீப்பு வந்து நின்னுச்சு. அத ஓட்டியாரதுக்கு ஒத்தாசையா முன் சீட்டுல யாருன்னு பாத்தா, என் வூட்டுக்காரரு! வழி காட்டப் போனாராம். கழுத்துல அந்த பைனாகுலரு வேற.

ஆபீசரு எறங்கி வந்து கை தட்டிக் கூப்புட்டாரு. "என்னம்மா, வெள்ளக்காரரு வந்தாரா?"

எனக்கு நாக்கு நுனியில பதிலு துடிக்குது. ஆனா பறியில பாதி எறா. வாயத் தொறந்தா மொத்தமும் தண்ணிக்குள்ள.

"வந்தாரு சார்," கரையிலேர்ந்து மாமியா சொன்னாங்க. "மொதல்ல அவ வாயத்தான் ஒப்பந்தம் எடுத்தாரு."

ஆபீசரு சிரிச்ச சிரிப்புல வாத்தெல்லாம் ஒண்ணா எழும்பிச்சு. வானமே இருட்டுன மாதிரி ஒரு சுத்து சுத்துச்சுங்க. நான் கைய சேத்துக்குள்ளியே வெச்சுக்கினு, பறியக் கடிச்சுக்கினு, திரும்ப எறங்குதுங்களா இல்ல வேற எங்கனா போயிடுதுங்களான்னு அண்ணாந்து பாத்துக்கினே இருந்தேன்.